கரண்ட் பில் கணக்கு தெரியுமா? அப்போ புரோகிராமும் எழுதலாம்!

கரண்ட் பில் வந்ததும் நாம் முதலில் பார்ப்பது தொகையைத்தான். எத்தனை யூனிட் ஓடியது, அதில் எத்தனை இலவசம், மீதிக்கு எவ்வளவு என்று சிலர் ஒரு தாளில் கணக்கும் போட்டுப் பார்ப்பார்கள். நீங்கள் அப்படிப் போட்டுப் பார்ப்பவர் என்றால், கணினி நிரல் எழுதத் தேவையான பாதி வேலை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அந்தக் கணக்கைக் கணினிக்குப் புரியும் குறிகளில் எழுதுவதுதான் மீதிப் பாதி.

இன்று ஒரு சேவைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தால், வயது, தேதி, அளவு போன்றவற்றை முதலில் சரிபார்ப்பது பெரும்பாலும் ஒரு புரோகிராம்தான். 'தகுதி உண்டு', 'தகுதி இல்லை' என்று திரையில் வரும் பதிலுக்குப் பின்னால் சில சின்னக் குறிகள் இருக்கின்றன. இவற்றை ஆங்கிலத்தில் ஆபரேட்டர் என்றும், நம் பள்ளிப் பாடநூல்களில் செயற்குறி என்றும் சொல்கிறார்கள். அந்தக் குறிகளைப் படிக்கத் தெரிந்துகொண்டால், ஒரு விதி நமக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதை நாமே சரிபார்க்கலாம். தப்பு இருந்தால் எங்கே என்று குறிப்பிட்டும் கேட்கலாம்.

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பிப்போமா?

எந்த மொழியில் எழுதப் போகிறோம்?

இந்தக் கட்டுரையின் உதாரணங்கள் 'எழில்' என்ற நிரல்மொழியில் இருக்கின்றன. தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுதுவதற்காக முத்து அண்ணாமலை 2007-இல் உருவாக்கத் தொடங்கிய மொழி இது. கட்டற்ற மென்பொருள் என்பதால் கட்டணம் எதுவும் கிடையாது. எழில் இயங்குவது பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழியின் மேல். 1991-இல் வெளியான பைத்தான், தமிழ்நாட்டில் 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்கள் படிக்கும் மொழி.

மொழி மாறினால் சொற்கள் மாறும். ஆனால் கூட்டல், கழித்தல், பெரிது, சிறிது போன்ற குறிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இங்கே கற்பதைப் பைத்தானுக்கும், 11-ஆம் வகுப்பில் வரும் சி++ மொழிக்கும் எடுத்துச் செல்லலாம்.

முதல் நிரல் ஒரே வரிதான்:

பதிப்பி "வணக்கம்!"

'பதிப்பி' என்றால் திரையில் காட்டு என்று பொருள். மேற்கோள் குறிக்குள் இருப்பது அப்படியே திரையில் வரும். இதை எழுதிவிட்டால் நீங்களும் ஒரு புரோகிராம் எழுதியவர்தான்.

பெயர் எழுதிய டப்பா

அடுப்படியில் பருப்பு, சர்க்கரை, காபித்தூள் என்று டப்பாக்களில் பெயர் எழுதி வைக்கிறோம் அல்லவா? நிரலிலும் எண்களைப் போட்டு வைக்கப் பெயர் எழுதிய டப்பா உண்டு. அதற்கு மாறி என்று பெயர். உள்ளே இருப்பது மாறிக்கொண்டே இருக்கலாம் என்பதால் அந்தப் பெயர்.

யூனிட் = 260
விகிதம் = 3

இங்கே உள்ள = குறியை 'சமம்' என்று படிக்காதீர்கள். வலப்பக்கம் இருப்பதை இடப்பக்க டப்பாவில் போடு என்று படியுங்கள். பாடநூலில் இதன் பெயர் மதிப்பிருத்து செயற்குறி. இப்படிப் படித்துப் பழகினால்தான் அடுத்த வரி குழப்பாது:

யூனிட் = யூனிட் + 10

கணக்குப் பாடத்தில் இப்படி எழுதினால் தப்பு. நிரலில் இது சரி. டப்பாவில் இருந்த 260-ஐ எடு, 10 கூட்டு, திரும்ப அதே டப்பாவில் போடு. இப்போது உள்ளே இருப்பது 270.

ஐந்து கணக்குக் குறிகள்

+ கூட்டல்
- கழித்தல்
* பெருக்கல்
/ வகுத்தல்
% வகுத்தால் வரும் மீதி

முதல் நான்கும் நமக்குப் பழகியவை. பெருக்கலுக்கு மட்டும் பள்ளியில் போடும் குறிக்குப் பதில் நட்சத்திரக் குறி. ஐந்தாவதுதான் கொஞ்சம் ஏமாற்றும். கடையில் தள்ளுபடி பலகையில் பார்த்த சதவீதக் குறி இது என்று நினைத்துவிடுவோம். நிரலில் இதற்கும் சதவீதத்துக்கும் சம்பந்தமே இல்லை. 17 % 5 என்றால், 17-ஐ 5-ஆல் வகுத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்கிறோம். பதில் 2.

இது எதற்குப் பயன்படும்? 12 பேர் உள்ள ஒரு மகளிர் சுய உதவிக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2350 ரூபாயைச் சில்லறை இல்லாமல் எல்லோருக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும். மிஞ்சுவது குழுவின் பொதுக் கணக்கில் இருக்க வேண்டும்.

பணம் = 2350
ஆட்கள் = 12
மீதி = பணம் % ஆட்கள்
பங்கு = (பணம் - மீதி) / ஆட்கள்
பதிப்பி "ஒருவருக்கு:", பங்கு
பதிப்பி "குழுவில் இருப்பு:", மீதி

ஒருவருக்கு 195 ரூபாய், இருப்பு 10 ரூபாய். அடுத்த மாதம் தொகை மாறினாலும் ஆள் எண்ணிக்கை மாறினாலும் முதல் இரண்டு வரிகளை மட்டும் மாற்றினால் போதும். மற்ற நான்கு வரிகளைத் தொடவே வேண்டாம். கால்குலேட்டருக்கும் நிரலுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கால்குலேட்டர் விடையைத் தரும். நிரல் கணக்குப் போடும் முறையையே சேமித்து வைத்துக்கொள்ளும்.

அடைப்புக்குறியை மறந்தால்...

நம் மாநிலத்தில் வீட்டு மின் இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விகிதம் கூடும். நாம் குறிகளைப் பழகத்தான் போகிறோம் என்பதால், 100-க்கு மேல் ஒரு யூனிட்டுக்கு 3 ரூபாய் என்று ஒரே விகிதம் வைத்துக்கொள்வோம். இது பயிற்சிக்காக வைத்துக்கொண்ட எண். உண்மையான விகிதம் வேறு.

260 யூனிட்டுக்கு எவ்வளவு? இப்படி எழுதிப் பார்க்கலாம்:

கட்டணம் = யூனிட் - 100 * விகிதம்

யூனிட் 260, விகிதம் 3 என்றால் விடை என்ன தெரியுமா? -40. மின்வாரியம் உங்களுக்கு 40 ரூபாய் தர வேண்டும் என்கிறது இந்த வரி!

காரணம் இதுதான். கணினி இடமிருந்து வலமாக வரிசையாகக் கணக்குப் போடுவதில்லை. பெருக்கல், வகுத்தல், மீதி ஆகிய மூன்றையும் முதலில் முடிக்கும். கூட்டலும் கழித்தலும் அப்புறம்தான். அதனால் 100-ஐயும் 3-ஐயும் பெருக்கி 300 ஆக்கி, அதை 260-இலிருந்து கழித்துவிட்டது. நாம் சொல்ல நினைத்தது வேறு. முதலில் இலவச யூனிட்டைக் கழிக்க வேண்டும், பிறகுதான் பெருக்க வேண்டும்.

கட்டணம் = (யூனிட் - 100) * விகிதம்

இப்போது விடை 480. அடைப்புக்குறிக்குள் இருப்பது எப்போதும் முதலில் நடக்கும். எது முதலில் என்று சந்தேகம் வந்தால் அடைப்புக்குறி போட்டுவிடுங்கள். கூடுதலாகப் போட்டாலும் கெடுதல் இல்லை.

சரி, வீடு பூட்டியிருந்து 80 யூனிட் மட்டும் ஓடியிருந்தால்? (80 - 100) * 3, அதாவது -60. மறுபடியும் மைனஸ்! அடைப்புக்குறி சரியாக இருந்தும் விடை தப்பு. 100 யூனிட்டைத் தாண்டினால் மட்டும் இந்தக் கணக்கைப் போடு என்று நாம் இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்ல அடுத்த வகைக் குறிகள் வேண்டும்.

கேள்வி கேட்கும் குறிகள்

ஒப்பீட்டுச் செயற்குறிகள் என்பவை 'ஆமாம்' அல்லது 'இல்லை' என்று மட்டும் பதில் வரும் கேள்விகள். மொத்தம் ஆறு:

> பெரிதா?
< சிறிதா?
>= பெரிதா, அல்லது சமமா?
<= சிறிதா, அல்லது சமமா?
== சமமா?
!= சமம் இல்லையா?

எழிலில் கேள்வியை @ குறிக்குப் பின் அடைப்புக்குறிக்குள் எழுதி, 'ஆனால்' என்று முடிக்க வேண்டும். 'அப்படி ஆனால்' என்று பேச்சில் சொல்வது போலத்தான்.

@( யூனிட் > 100 ) ஆனால்
  கட்டணம் = (யூனிட் - 100) * விகிதம்
இல்லை
  கட்டணம் = 0
முடி
பதிப்பி "கட்டணம்:", கட்டணம்

100-ஐத் தாண்டினால் கணக்குப் போடு, இல்லை என்றால் பூஜ்ஜியம், கேள்வி முடிந்தது. சத்தமாக வாசித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட தமிழ் வாக்கியமாகவே இருக்கும். இப்போது 80 போட்டால் 0, 260 போட்டால் 480.

சமமா என்று கேட்க = ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்பதையும் கவனியுங்கள். ஒன்று போட்டால் டப்பாவில் போடு, இரண்டு போட்டால் சமமா பார். புதிதாகக் கற்கும் பலரும் தடுமாறும் இடம் இது.

ஒரு குறியில் ஒரு வருடம் போகும்!

> என்பதற்கும் >= என்பதற்கும் ஒரு சின்னக் கோடுதானே வித்தியாசம், அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொள்வோம்.

பட்டியலில் பெயர் சேர்க்கத் தகுதி நாள் என்று ஒன்று உண்டு. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள். அந்த நாளில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இதைச் சரிபார்க்கும் வரியை ஒருவர் இப்படி எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்:

@( வயது > 18 ) ஆனால்

வயது என்ற மாறியில் நிரம்பிய முழு ஆண்டுகள் இருக்கின்றன. 18 நிரம்பியவருக்கு '18, 18-ஐ விடப் பெரிதா?' என்ற கேள்விக்கு இல்லை என்றுதான் பதில் வரும். 19 ஆகும்வரை அவர் வெளியே நிற்க வேண்டும். சட்டம் கொடுத்த உரிமையை ஒரு குறி ஒரு வருடம் தள்ளிப் போட்டுவிடும்! சரியான வரி இது:

@( வயது >= 18 ) ஆனால்

2008 ஜனவரி 1-ஆம் தேதி பிறந்தவருக்கு 2026 ஜனவரி 1 தகுதி நாளில் சரியாக 18. அவர் உள்ளே வருவதும் வராததும் இந்தக் குறியில்தான் இருக்கிறது.

மின்கட்டணத்திலும் இப்படி ஓர் எல்லை உண்டு. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் வேறு விகித அட்டவணைக்குப் போய்விடுவோம். சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு எந்த அட்டவணை? 'தாண்டினால்' என்று விதி சொல்வதால் பழைய அட்டவணையேதான். ஆகவே நிரலில் யூனிட் <= 500 என்று கேட்க வேண்டும். < 500 என்று கேட்டால் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் பில் தப்பாகப் போகும். மற்ற வீடுகளுக்கெல்லாம் சரியாக வருவதால் யாருக்கும் சட்டென்று தெரியவும் தெரியாது.

அரசு அறிவிப்புகளைப் படிக்கும்போது 'வரை', 'மேல்', 'நிரம்பிய', 'மிகாமல்' என்ற சொற்களை நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொன்றும் இந்த ஆறு குறிகளில் ஒன்றுதான். 'மிகாமல்' என்றால் <=. 'நிரம்பிய' என்றால் >=. 'தாண்டினால்' என்றால் >.

இரண்டு கேள்வியை ஒன்றாகக் கேட்க

பல விதிகளில் ஒரு நிபந்தனை மட்டும் இருக்காது. இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும் என்பார்கள். அல்லது இதுவோ அதுவோ இருந்தால் போதும் என்பார்கள். இதற்குத் தருக்கச் செயற்குறிகள்:

&& இரண்டும் உண்மையாக இருக்க வேண்டும்
|| ஏதாவது ஒன்று உண்மையாக இருந்தால் போதும்

உதாரணமாக லீப் ஆண்டு. நான்கால் வகுபட்டால் லீப் ஆண்டு என்று படித்திருப்போம். முழு விதி அதைவிடக் கொஞ்சம் நீளம். நான்கால் வகுபட வேண்டும், நூறால் வகுபடக் கூடாது. அல்லது நானூறால் வகுபட வேண்டும். மீச்சம் வராமல் வகுபடுகிறதா என்று பார்க்க, நாம் முன்பு பார்த்த % குறி இங்கே கை கொடுக்கும்.

ஆண்டு = 2028
@( ((ஆண்டு % 4 == 0) && (ஆண்டு % 100 != 0)) || (ஆண்டு % 400 == 0) ) ஆனால்
  பதிப்பி "லீப் ஆண்டு"
இல்லை
  பதிப்பி "சாதாரண ஆண்டு"
முடி

2028-க்கு லீப் ஆண்டு என்று வரும். 1900 போட்டுப் பாருங்கள். நான்கால் வகுபடும், ஆனால் நூறாலும் வகுபடும், நானூறால் வகுபடாது. ஆகவே சாதாரண ஆண்டு. 2000 நானூறால் வகுபடுவதால் லீப் ஆண்டு. 2100-க்கு என்ன வரும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதே வேலையைத் திரும்பத் திரும்ப

50, 100, 150 என்று 250 யூனிட் வரை ஒவ்வொன்றுக்கும் கட்டணம் பார்க்க வேண்டும். ஐந்து தடவை எண்ணை மாற்றி ஓட்ட வேண்டுமா? வேண்டாம். 'வரை' என்ற சொல் போதும்.

விகிதம் = 3
யூனிட் = 50
@( யூனிட் <= 250 ) வரை
  @( யூனிட் > 100 ) ஆனால்
    கட்டணம் = (யூனிட் - 100) * விகிதம்
  இல்லை
    கட்டணம் = 0
  முடி
  பதிப்பி யூனிட், கட்டணம்
  யூனிட் = யூனிட் + 50
முடி

நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை உள்ளே இருக்கும் வரிகள் திரும்பத் திரும்ப நடக்கும். விடைகள் வரிசையாக 0, 0, 150, 300, 450. கடைசிக்கு முந்தைய வரியை மறந்துவிட்டால் யூனிட் எப்போதும் 50-லேயே நிற்கும், நிரலும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி ஆனால் பயப்பட வேண்டாம். நிரலை நிறுத்திவிட்டு அந்த வரியைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

எழுதினால் போதாது, சோதிக்கவும் வேண்டும்

நிரல் சரியா என்று பார்க்கச் சும்மா ஏதோ ஓர் எண்ணைப் போட்டுப் பார்ப்பது போதாது. தப்பு ஒளிந்திருப்பது பெரும்பாலும் எல்லையில்தான். 100 எல்லை என்றால் 99, 100, 101 மூன்றையும் போடுங்கள். 18 எல்லை என்றால் 17, 18, 19. பூஜ்ஜியத்தையும் ஒரு தடவை போடுங்கள். பூஜ்ஜியத்தால் வகுக்கச் சொன்னால் கணினி பிழை காட்டி நின்றுவிடும் என்பதால், ஆட்கள் = 0 என்று வந்தால் என்ன செய்வது என்பதையும் நிரலிலேயே யோசித்து வைக்க வேண்டும்.

பணக் கணக்கில் இன்னொரு விஷயம். பைத்தானில் 0.1 + 0.2 என்று போட்டால் 0.30000000000000004 என்று வரும். கணினி தசம எண்களைச் சேமிக்கும் விதம் அப்படி. இந்தத் தொல்லை வராமல் இருக்க, ரூபாயைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாகக் கணக்குப் போடுவது நல்ல பழக்கம்.

மொபைலில் எப்படித் தொடங்குவது?

முதல் வாரம் நோட்டே போதும். நிரலை எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் டப்பாவில் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். கைக்கணக்கில் சரியாக வந்தால் கணினியிலும் வரும்.

அடுத்து, மொபைலிலேயே பைத்தான் ஓட்டலாம். கூகுள் கொலாப் என்ற சேவை பிரவுசரிலேயே திறக்கும். கூகுள் கணக்கு இருந்தால் போதும். சொற்களை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்:

பதிப்பி – பிரிண்ட்
ஆனால் – இஃப்
இல்லை – எல்ஸ்
வரை – வைல்
&& – அண்ட்
|| – ஆர்

பைத்தானில் 'முடி' என்று எழுதத் தேவையில்லை. எந்த வரிகள் உள்ளே இருக்கின்றன என்பதை வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியை வைத்தே அது புரிந்துகொள்ளும். மாறிகளுக்குப் 'யூனிட்', 'வயது' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். மீதியை விட்டுவிட்டு முழு ஈவை மட்டும் எடுக்க // என்ற குறியும் அதில் உண்டு. 2350 // 12 என்றால் 195.

படிக்கப் புத்தகம் வேண்டுமா? தமிழ்நாடு அரசின் 11, 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல்கள் தமிழ் வழியிலேயே இருக்கின்றன, இணையத்தில் இலவசமாகத் தரவிறக்கலாம். வீட்டில் மேல்நிலை படிக்கும் பிள்ளை இருந்தால் அவர்களிடமே கேட்டுப் பாருங்கள், சொல்லித் தருவதில் அவர்களுக்கும் பாடம் பதியும்.

ஒரு எச்சரிக்கை: இந்தப் பயிற்சிகளுக்கு ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஓடிபி எதுவுமே தேவையில்லை. கேட்கும் செயலி எதுவானாலும் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

இந்த வாரப் பயிற்சி

1. உங்கள் கடைசி கரண்ட் பில்லை எடுங்கள். அதில் உள்ள உண்மையான விகிதங்களைப் போட்டு, நம் நிரலில் இன்னும் எத்தனை 'ஆனால்' சேர்க்க வேண்டும் என்று பாருங்கள். விடை பில்லில் உள்ள தொகையோடு ஒத்துப்போகிறதா?

2. ஓர் எண் இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்று சொல்லும் நிரல் எழுதுங்கள். குறிப்பு: % 2.

3. அண்மையில் நீங்கள் பார்த்த ஏதாவது ஓர் அரசு அறிவிப்பில் உள்ள தகுதி விதியை ஒரே ஒரு @ வரியாக எழுதுங்கள். எல்லை எண்ணில் அது என்ன பதில் சொல்கிறது என்று சோதியுங்கள்.

மூன்றாவதைச் செய்து முடித்தீர்கள் என்றால், அடுத்த முறை திரையில் 'தகுதி இல்லை' என்று வரும்போது அப்படியே திரும்பிப் போக மாட்டீர்கள். எந்த விதியில், எந்த எண்ணில் என்று நிதானமாகக் கேட்பீர்கள்.